பென்சில் வாய்க்காதவர்கள்

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அன்று கைதான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குள் ஓவியம் பழகிய இளைஞர்கள் சிலர் இருந்தார்கள். ரொனால்ட் சேர்ல், ஜாக் சாக்கர், பிலிப் மெனின்ஸ்கி, ஆஷ்லி ஜார்ஜ் ஓல்ட், லியோ ராலிங்ஸ். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் ரயில்பாதை போட இவர்களையும் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள். முகாமில் நடப்பதைப் படமாக வரைவது குற்றம். அகப்பட்டால் அடி, சமயத்தில் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் வரைந்தார்கள்.

காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் சேர்ல் தன் படங்களை ஒளித்துவைத்தார். தொற்றுக்கு அஞ்சி அந்தப் பக்கம் காவலர் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். சாக்கர் மூங்கில் குழாய்க்குள் சுருட்டி வைத்தார், கூரை ஓலைக்கிடையே செருகினார். ஒருமுறை அகப்பட்டுக் கடுமையாக அடிபட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. ராலிங்ஸுக்கு வண்ணம் கிடைக்கவில்லை. மண்ணையும் செடிகொடிச் சாற்றையும் குழைத்து வண்ணமாக்கினார். தன் தலைமயிரைக் கட்டித் தூரிகை செய்துகொண்டார்.

சேர்லின் படங்களில் சுமார் 300 தப்பிப் பிழைத்து இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, காலராவில் செத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் படம். கண் குழிவிழுந்துவிட்டது. கன்னத்து எலும்பு தோலை முட்டிக்கொண்டு நிற்கிறது. கோடு எங்கும் நடுங்கவில்லை. அழவைக்க வேண்டும் என்ற நோக்கம் அந்தக் கோட்டுக்கு இல்லை, இருப்பதை இருந்தபடி எழுதிக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் மட்டுமே இருக்கிறது. சாக்கர் வரைந்தவற்றில் மருத்துவப் படங்கள் முக்கியமானவை. முழங்காலுக்குக் கீழே சதை அழுகிக் கால் எலும்பு வெளியே தெரியும் வெப்பமண்டலப் புண்கள் அவை. மூங்கில் கீறிய சின்னக் காயம் சில நாட்களில் அப்படிப் புரையோடிவிடும். கூராக்கிய கரண்டியால் அழுகலை மருத்துவர் சுரண்டி எடுப்பார், மயக்க மருந்து கிடையாது. ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் போன்றவர்கள் இவற்றைப் பதிவுசெய்யும்படி ஓவியர்களை ஊக்கப்படுத்தினார்கள். நடந்ததற்குச் சாட்சி வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

சாட்சியாக வரைந்தது காலப்போக்கில் நினைவுச்சின்னமாயிற்று. அந்த மனிதர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் இல்லை. அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கும் எந்தத் தமிழ் மனதிலும் எழவேண்டிய கேள்வி வேறு. அதே பாதையில், அதே மழையில், அதே புண்ணோடும் அதே காலராவோடும் இவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் செத்தவர்களை யார் வரைந்தார்கள்?

கணக்கைப் பார்ப்போம். தாய்லாந்தின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் கூடின. வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ குறைந்தது 1,80,000 பேர். பர்மியர், மலாயாத் தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று பல இனத்தவர். அவர்களில் மாண்டவர்கள் 90,000 பேர் அளவில் இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். கைதிகளின் சாவுக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இவர்களின் சாவுக்கு இருப்பது மதிப்பீடுதான். அந்த ஒரு வேறுபாட்டுக்குள் ஒரு காலனிய நூற்றாண்டே அடங்கியிருக்கிறது.

இவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைப் போட்டுவிட்டுச் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார்கள். லயங்கள் என்ற தோட்டக் குடியிருப்புகளின் சனங்களுக்குச் சம்பளம் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே கதி. அந்த நேரத்தில்தான் ஜப்பானிய அதிகாரிகள் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றார்கள். முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏறினார்கள். அவர்களிடமிருந்து ஒரு சேதியும் திரும்பி வரவில்லை. அப்புறம் கேட்டால் யாரும் போகவில்லை. பிறகு ஆள்பிடிதான். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டு வாங்கினார்கள். தெருவிலும் கள்ளுக்கடையிலும் மடக்கினார்கள். ஊரில் இலவசப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். மனைவிக்குச் சொல்லிக்கொள்ளவும் நேரம் இல்லை.

இந்த இலவசக் கொட்டகை என் மனதைவிட்டு அகலவே மாட்டேன் என்கிறது. வெள்ளைத்திரையில் ஏதோ ஓடுகிறது, மறதிக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான் பட்டினி கிடந்தவன். கதவு திறக்கும்போது வெளியே லாரி நிற்கிறது. அவனைப் பிடிக்கக் கலையையே கண்ணியாக்கினார்கள். அவன் செத்ததைச் சொல்லக் கலை வரவில்லை.

ஜப்பானிய ராணுவத்தின் கொடுமையை எந்த நியாயத்தாலும் இளக்க முடியாது. ஆனால் பழியை அத்தோடு முடித்துவிடுவது பாதிக் கணக்கு. இந்த மக்களைப் பெயரில்லாத கூட்டமாக்கியது ஜப்பான் மட்டும் இல்லை. ஒப்பந்தத்தில் ஆளெடுத்த சஞ்சிக்கூலி முறையும் அதன்பின் கங்காணி முறையும் தஞ்சை, திருச்சி, சேலம், வடஆற்காடு மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களைக் கப்பலேற்றிய காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. தோட்டத்துக் கணக்கில் அவர்கள் கூலிகள், இத்தனை தலைகள். துரைக்கும் கூலிக்கும் நடுவே தண்டலும் கிராணியும் கங்காணியும் நின்றார்கள். தோட்டப் பள்ளிக்கூடம் கையெழுத்துப் போடும் அளவுக்குப் போதும் என்று நிறுத்தப்பட்டது. ஆகவே ஜப்பானியர் வந்து ஆள் கேட்டபோது எண்ணிக் கொடுக்க ஓர் ஏற்பாடு ஆயத்தமாகவே இருந்தது. ஒரு சாம்ராஜ்யம் எண்ணிப் பழக்கியவர்களை இன்னொரு சாம்ராஜ்யம் எண்ணி எடுத்துக்கொண்டது.

காட்டில் அவர்களுக்கு நேர்ந்ததைப் போர்க்கைதிகளின் நாட்குறிப்புகளிலிருந்தே நாம் பெரும்பாலும் தெரிந்துகொள்கிறோம். மலாயாத் தோட்டத்தில் மருத்துவராக இருந்து பின்னர் கைதியான ராபர்ட் ஹார்டி ரகசியமாக எழுதிய நாட்குறிப்பு 1983இல் நூலாக வந்தது. ஆசியத் தொழிலாளர் முகாம்களின் நிலையை அவர் திகைப்போடு குறித்திருக்கிறார். கைதிகளுக்கு ராணுவ ஒழுங்கு இருந்தது. மேலதிகாரி இருந்தார், தங்கள் படையிலேயே மருத்துவர் இருந்தார். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், கழிவுக்குழி தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டாயப்படுத்த ஆள் இருந்தது. தமிழர் முகாமில் இவை ஒன்றும் கிடையாது. 1943 மழையோடு வாந்திபேதி இறங்கியபோது முகாம் முகாமாகச் சாய்ந்தார்கள். கிடந்த இடத்திலேயே செத்தார்கள், சாகுமுன்பே குழிக்குப் போனவர்களும் உண்டு என்று சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆண்டு நடுவில்தான் சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதி மருத்துவர்கள் சிலரைக் கே படை, எல் படை என்று பிரித்துத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். கையில் மருந்தே இல்லாமல் போன மருத்துவர்கள் அவர்கள்.

சாக்கர் வரைந்த அந்தக் கால்புண் தமிழன் காலிலும் இருந்தது. சுரண்டி எடுக்கக் கூராக்கிய கரண்டி இல்லை, பார்த்து வரையப் பக்கத்தில் யாரும் இல்லை.

பிறகு ஒரு திரைப்படம் வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் எழுதிய நாவலை வைத்து டேவிட் லீன் 1957இல் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. ஏழு ஆஸ்கர் விருது. அந்தப் படம் தாய்லாந்தில் எடுக்கப்படவில்லை. இலங்கையில், கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு இந்த ரயில்பாதை என்றால் அந்தப் படம்தான், சீழ்க்கையடித்துக்கொண்டு அணிவகுக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான். தாய்லாந்தின் கஞ்சனபுரியில் நிஜப் பாலம் நிற்கும் ஆற்றின் பெயர் அப்போது உண்மையில் மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் ஆறு எங்கே என்று தேடினார்கள். கடைசியில் 1960இல் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்றே பெயர் மாற்றிவிட்டார்கள்.

ஓர் ஆற்றின் பெயரையே மாற்றும் வலிமை கலைக்கு இருக்கிறது. அந்த வலிமையோடு வந்த படம், பாதை போட்டவர்களில் மிகப் பெரும்பான்மையாக இருந்தவர்களைச் சொல்லாமலே சென்றது. யாரும் திட்டமிட்டுச் செய்த வஞ்சனை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாவலாசிரியர் தனக்குத் தெரிந்த அதிகாரிகளைப் பற்றி எழுதினார், ஓர் இயக்குநர் தனக்குப் பிடித்த மோதலை எடுத்தார். ஆனால் விளைவு ஒன்றுதான். மறதியிலும் வேலை செய்யும் ஒரு கலை உண்டு. ஒன்றை அழகாகவும் அழுத்தமாகவும் காட்டி, அதற்குப் பக்கத்தில் இருந்ததைக் காணாமல் செய்துவிடும். இன்னார் பட்ட துன்பம் இது என்று உலகத்தின் மனதில் ஒரு படம் ஒருமுறை பதிந்துவிட்டால், அதில் இல்லாதவன் தன் துன்பத்தைச் சொல்ல வரும்போது முதலில் தான் அங்கே இருந்ததையே நிரூபிக்க வேண்டியதாகிறது.

கஞ்சனபுரியில் ரயில் நிலையத்துக்கு அருகே போர்க் கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே உறங்குகிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வெண்கலப் பட்டயத்தில் பெயர், படைப்பிரிவு, வயது, சிலவற்றில் வீட்டார் சொன்ன ஒரு வரி. போர் முடிந்ததும் நேசநாடுகள் பாதை நெடுகத் தேடிப்போய்த் தங்கள் ஆட்களின் குழிகளைத் தோண்டி எடுத்து அங்கே சேர்த்தன. ஒரு நாடு தன் மக்களுக்குச் செய்யவேண்டியது அதுதான், செய்தது சரிதான். தொழிலாளர்களைத் தேடி யாரும் போகவில்லை. அவர்களுக்கு அப்போது ஒரு நாடே இல்லை. மலாயா திரும்பவும் பிரிட்டன் கையில், இந்தியாவோ விடுதலை வாசலில். ரயில்பாதையையும் தண்டவாளங்களையும் பிரிட்டன் தாய்லாந்துக்கு விலைபேசி விற்றது. உயிர் பிழைத்துத் திரும்பியவனின் கையில் வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு இருந்தது. 1945இல் அது வெறும் காகிதம்.

இந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எழுப்பப்பட்ட முதல் நினைவுச்சின்னத்தைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? பாதை போடவைத்த ஜப்பானியப் படையினரே. 1944இல், போர் முடியுமுன்பே, பாலத்துக்கு அருகில் எழுப்பினார்கள். அதன் சுற்றுச்சுவரில் பல மொழிப் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தமிழ். கொன்றவர்களுக்குக்கூடச் செத்தவர்களின் மொழி எது என்று தெரிந்திருந்தது. வென்றவர்கள் பிறகு எழுதிய வரலாற்றில் அந்த மொழி நெடுங்காலம் வரவில்லை.

அப்படியானால் தமிழில் நினைவே இல்லையா? இருந்தது. லயங்களில் இருந்தது. ஜப்பான்காரன் காலம் என்று பெரியவர்கள் தொடங்கினால் சயாமுக்குப் போன அண்ணன், திரும்பாத புருஷன், வருவான் வருவான் என்று பார்த்திருந்து மறுதாலி கட்டிக்கொண்ட சின்னம்மா என்று கதைகள் வரும். ஒப்பாரி வைக்கப் பிணம்கூடக் கிடைக்காத சாவுகள் அவை. கருமாதி எந்தத் தேதியில் செய்வது? எந்தத் திசை பார்த்து நீர் வார்ப்பது? சடங்கு தன் வேலையைச் செய்ய முடியாத இடத்தில்தான் எழுத்து வந்தாக வேண்டியிருந்தது. அது ஒரு தலைமுறை தாண்டி வந்தது. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். தோட்டத்து வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்களின் எழுத்து அது.

ரெங்கசாமி தன் நாவலுக்கு வைத்த தலைப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கல்லால் எழுப்ப அரசும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஒரு பள்ளி ஆசிரியர் காகிதத்தில் எழுப்பினார். தமிழகத்துப் பதிப்புலகமும் விமரிசன உலகமும் இந்த நாவல்களுக்குத் தந்த கவனம் போதாது. நம் புலம்பெயர்ந்தோர் இலக்கியப் பேச்சில் கரும்புத் தோட்டம் வருகிறது, தேயிலைத் தோட்டம் வருகிறது. இந்த ரயில்பாதை ஓரமாகத்தான் நிற்கிறது. கடல் கடந்து போனவர்களின் துயரத்தை நாம் நேசிக்கிறோம் என்றால், அதை அவர்களே எழுதியதைப் படிப்பதிலிருந்துதான் அந்த நேசம் தொடங்க வேண்டும்.

நினைவின் கலை என்று சொல்லும்போது நாம் பொதுவாக இரக்கத்தைத்தான் எதிர்பார்க்கிறோம். வற்றிய உடல், கண்ணீர், பின்னணியில் ஓர் இசை. இந்த 90,000 பேருக்கு அந்த இரக்கம் அவமரியாதையாகிவிடும் என்று நான் அஞ்சுகிறேன். எலும்புக்கூட்டைக் காட்டினால் பார்ப்பவனுக்கு எலும்புக்கூடுதான் தெரியும். ரப்பர் பால் வெட்டிய கை தெரியாது, திருவிழாவில் காவடி எடுத்த தோள் தெரியாது, கூலி உயர்வு கேட்டு 1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்து பிரிட்டிஷ் துப்பாக்கியை எதிர்கொண்ட நெஞ்சுரம் தெரியாது. சயாமுக்குப் போன தலைமுறை அந்தத் தலைமுறைதான். ஜப்பான் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை தங்கள் உரிமைக்காகத் தெருவில் நின்றவர்கள். சாவை மட்டும் வரையும் கலை அவர்களைச் சாவாகவே சுருக்கிவிடும். அவர்கள் முன்னால் எப்படி இருந்தார்கள், யார் கையெழுத்தில் அனுப்பப்பட்டார்கள், எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி, எந்த ராணுவப் பிரிவு என்பதையெல்லாம் சொல்லும் கலைதான் நினைவைச் சுமக்கும். காரணத்தை விட்டுவிட்டுத் துன்பத்தை மட்டும் சொன்னால், கேட்பவனுக்கு அது வெள்ளம் வந்தது, புயல் வந்தது என்பதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. காணாமற்போன முகங்களைக் கற்பனையால் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை கலைஞனுக்கு இயல்பாக வரும். நாவலுக்கு அந்த உரிமை இருக்கிறது, அது தன்னை நாவல் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. ஆனால் நினைவிடமோ அருங்காட்சியகமோ ஆவணப்படமோ அந்த இடத்தை இட்டு நிரப்பிவிடக் கூடாது. வெற்றிடமே இங்கே முக்கியமான ஆதாரம். சேர்லின் படத்தை மாட்டுங்கள். பக்கத்தில் அதே அளவில் ஒரு வெறும் சட்டத்தை மாட்டி, இவரோடு வேலை செய்த தமிழனை வரைய யாருக்கும் பென்சில் வாய்க்கவில்லை என்று எழுதுங்கள். பார்ப்பவனுக்கு அது சொல்லும்.

கஞ்சனபுரியில் வாட் தாவொர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் மொத்தமாக அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. மலேசியத் தமிழர்களின் பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2023இல் அங்கே ஒரு நடுகல் நட்டார்கள். நம் மரபில் நடுகல் என்றால் பட்டவனின் பெயரையும் அவன் செயலையும் பொறிப்பது. ஆநிரை மீட்டு விழுந்தவனுக்கு, ஊரைக் காத்து விழுந்தவனுக்கு, புலியோடு பொருது விழுந்தவனுக்குக் கல் எடுத்தார்கள். சயாமில் விழுந்தவர்கள் எந்தப் போரையும் விரும்பிப் போனவர்கள் இல்லை. அவர்கள் மீட்கப் போன ஆநிரையும் இல்லை. பிடித்துச் செல்லப்பட்டவனுக்கு நடுகல் எடுத்தது மரபை மீறிய செயல் என்று யாராவது சொன்னால், மரபு இப்படி மீறப்பட வேண்டியதுதான் என்பேன். போரை விரும்பாமல் போரால் செத்தவனும் கல்லுக்கு உரியவனே என்று நம் காலம் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தக் கல்லில் பெயர்கள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் வேலை இன்னும் முழுதும் கைவிட்டுப் போய்விடவில்லை. அப்பன் லாரியில் ஏற்றப்பட்டதைக் கண்ணால் கண்ட குழந்தைகளுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன, சனங்கள் நகர்ப்புற அடுக்குவீடுகளுக்குக் கலைந்துவிட்டார்கள். ஆனாலும் குடும்பத்துக்கு ஒரு பெயர், அந்தப் பெயர் புறப்பட்ட தோட்டம், தமிழகத்தில் அவர்கள் மூதாதையர் ஊர் என்று இந்த மூன்றையும் சேகரிக்கலாம். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களும் ஆர்வலர்களும் ஓரளவு செய்துவருகிறார்கள். ஆள் போன ஊர்கள் இங்கே இருக்கின்றன, ஆகவே அந்த வேலையில் பாதி தமிழகத்துக்கு உரியது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுதப்பட்ட நூறு பெயர்கள், நூறு பெரிய ஓவியங்களைவிட இந்த மக்களுக்கு அதிக நியாயம் செய்யும். ஓவியர்களும் நாடகக்காரர்களும் அந்தப் பெயர்களிலிருந்து தொடங்கட்டும். எண்ணிக்கையாக அனுப்பப்பட்டவர்களை எண்ணிக்கையாகவே நினைவுகூர்வது, அனுப்பியவர்களின் கணக்குப் புத்தகத்தை நாமும் தொடர்ந்து எழுதுவதாகும்.